ஜக்கையன் கொளுத்தாத சூடம்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் எங்களை ஏற்றிப்போவது ஜக்கையன் அண்ணனின் ஜீப்பு. போடிமெட்டு ஏறும் வழியில், முனியப்பன் வளைவில், எந்த டிரைவரும் வண்டியை நிறுத்துவார். ஸ்டியரிங் பிடிக்கிற கைதான் சூடம் கொளுத்த வேண்டும்; அது எங்கள் வழக்கம். கொளுத்திய பிறகுதான் எங்களுக்கு மூச்சே வரும். வளைவுக்குக் கீழே கிடக்கும் பள்ளத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அண்ணனுக்கு என்ன குறை? சொந்த ஜீப்பு, மச்சு வீடு, மகள் நிலா நர்சு வேலைக்குப் போய்விட்டாள். ஆனாலும் கொஞ்ச காலமாகப் பேயறைந்த மாதிரியே இருந்தார். "சோறு திங்கிறேன், வயிறு அடங்குது. உள்ளுக்குள்ள ஏதோ ஒரு பசி அடங்கமாட்டேங்குது தாயி" என்பார். பழனிக்கு நடந்தார். மாலை போட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விழுங்கினார். "ஒங்களுக்குக் கொழுப்பெடுத்துப் போச்சுண்ணே" என்று நானே திட்டியிருக்கிறேன்.

ஒரு மழை நாளில், எங்களை இறக்கிவிட்டு, பூப்பாறைப் பக்கம் ஒரு தகரக்கூரை ஜெபக்கூடத்தில் ஒதுங்கினாராம். உள்ளே யாரோ மலையாளத்தில் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். பாதி புரியவில்லை, அழுகை மட்டும் வந்தது என்றார். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அங்கேதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சூடத்தை எடுத்தார், திரும்பப் பைக்குள் வைத்தார்.

"என்னண்ணே, வெரசாக் கொளுத்துங்க. சோலி கெடக்கு."

"நான் இயேசு சாமிகிட்டப் போயிட்டேன் சந்திரவல்லி. இதைக் கொளுத்துனா அவருக்குத் துரோகம். கொளுத்தலேன்னா ஒங்களுக்குத் துரோகம். எனக்கு ஒண்ணும் ஓடல."

எனக்கு வந்ததே கோபம்! "ஒங்க கொழப்பத்துக்கு எங்க உசுருதான் கெடச்சுதா?" என்று இறங்கிவிட்டேன். எல்லாரும் இறங்கினார்கள். பின்னால் வந்த வீரையா ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினோம். அண்ணன் வெறும் வண்டியோடு மலையேறினார்.

வாரம் முழுக்க அவர் தெருமுனையில் காத்திருப்பதும், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரையா வண்டிக்குப் போவதுமாக இருந்தது. "ஒரு சூடந்தானே, கொளுத்தித் தொலைங்களேன்" என்று அவர் மனைவி காளீஸ்வரி அழுதாளாம்.

சனிக்கிழமை வீரையா வண்டி வரவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் ஜீப்பில் ஏறினோம். வளைவில் நிறுத்தினார். இறங்கவில்லை. கடைசியில் நானே, "குடுங்க இங்க" என்று சூடத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கொளுத்தினேன். வழக்கம் கெட்டுப்போகிறதே என்று அவசரமாகக் கும்பிட்டேன்.

திரும்பி வந்தால், மனுசன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து முணுமுணுக்கிறார். "ஆண்டவரே, மகாராணிக்கு முட்டிவலி... குருவம்மா மகனுக்கு ஒரு வேலை... சந்திரவல்லி கோவக்காரி, அவளைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்கணும்..." வண்டியிலிருந்த ஒருத்தி பெயரையும் அவர் விடவில்லை.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "அந்தப் பசி இப்ப அடங்கிருச்சாண்ணே?"

"அடங்கிருச்சு தாயி. எப்பிடின்னுதான் வெளங்கல. வெறும் வண்டியா ஏறுன அன்னைக்கிக்கூட உள்ள நெறஞ்சு கெடந்துச்சு."

கியரைப் போட்டார். சூடம் கொளுத்தியது நான்தானே, என்ன வேண்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அந்த மனுசன்மேல் மறுபடியும் கோபம் கோபமாக வந்தது. அன்றைக்கு மதியம் தூக்குச்சட்டியை வழித்துத் தின்ற பிறகும் எனக்குப் பசித்தது.