பெரிய சிலிண்டர்

அன்று மாலை போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில் இருந்தவர்கள்: ஓட்டி வந்த எங்கள் அண்ணன், ஏலக்காய் எடுத்துத் திரும்பிய சிலமலைப் பெண்கள் ஒன்பது பேர், அவர்களில் ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. வேறு யாரும் இல்லை. ஜீப் முதலாளி இல்லை. நானும் இல்லை.

அண்ணன் பிறந்தது சிலமலை. அப்பா தவறியதும் நானும் அவரும் பள்ளியை விட்டோம். என்னைக் கட்டிக்கொடுத்ததும், அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றியதும் அவர் ஜீப் ஓட்டிய காசுதான். பழைய வண்டி, அதுவும் அடுத்தவர் வண்டி. மலையிறங்கி அவர் அடிவாரத்து முந்தல் வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. போன் அடித்துக்கொண்டே இருப்பேன். “ஏத்தா, பிரேக்க விட ஒன் போனுதான் என்னைய அதிகமா நிப்பாட்டுது” என்பார்.

மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்கியது. அந்த வண்டிக்கு உரியது போடியில் இல்லை. அண்ணன் தன் கைக்காசை முன்பணம் கட்டி மதுரைக் கடையில் சொல்லிவைத்தார். ஏலக்காய் எடுப்பு நேரம், முதலாளி காத்திருக்கவில்லை. லாரியில் கழற்றிய பெரிய சிலிண்டரைத் தகடு வைத்து மாட்டச் சொல்லிவிட்டார். பெரிசு என்றால் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் நம்பினார்கள். சிலிண்டரின் உள்துளை அகலமானால் பெடல் கல்லாக நிற்கும், சக்கரத்துக்குப் போகிற அழுத்தம் குறையும், லோடோடு இறக்கத்தில் வண்டி நிற்காது என்று அண்ணன் சண்டை போட்டார். கேட்பாரில்லை.

போகவேண்டாம் என்று அழுதேன்.

“நான் சாவியத் திருப்பிக் குடுத்தா, மொதலாளி நேத்து லைசென்ஸ் எடுத்தவங்கிட்டக் குடுப்பாரு. ஏறப்போறது நம்மூரு பொம்பளைகதான? நான்னா ரெண்டாங் கியர்லயே உருட்டிக் கொண்டாந்துருவேன்” என்றார்.

மீதி அந்தப் பெண்கள் சொன்னது. வளைவில் எதிரே பஸ். இரண்டு காலாலும் மிதித்தும் ஜீப் நிற்கவில்லை. “குனிங்க, பிள்ளையப் பிடி” என்று மட்டும் சொன்னாராம். பள்ளத்துக்கு விடாமல் பாறையில் முட்டினார். பெண்களுக்குக் கை கால் முறிவு. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. ஸ்டியரிங் அண்ணன் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிவரை உயிர் தங்கவில்லை.

அண்ணனைத் தூக்கி வந்த பஸ் டிரைவருக்கும் கண்டக்டருக்கும், கட்டுப்போட்ட கையோடு வந்து எங்களோடு அழுத சிலமலைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பால் தெளித்த அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது. சரியான அளவுச் சிலிண்டர். கடைக்காரர் மீதிப் பணம் வேண்டாம் என்கிறார். அண்ணன் யாரிடமும் பாக்கி வைத்தவரில்லை. கருமாதி முடிந்ததும் நானே மதுரைக்குப் போவேன். தரவேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.