அந்த இரண்டு கதவுக் கார்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரை அடுத்த ஜூஜுவாடி பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கடையில் நடந்தது இது.

நான் பிரேக் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஆப்பரேட்டர். தினமும் சூளகிரியிலிருந்து ஓசூருக்குக் காரில் போவேன். ஸ்டோர்ஸில் இருக்கும் பாயும், இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்யும் அக்காவும் கூட வருவார்கள். வழியெல்லாம் அவர்கள் பேசுவார்கள், நான் ஓட்டுவேன். எனக்குப் பேச்சு வராது.

கார் பழசாகிவிட்டது. வேறு வாங்க நினைத்தபோது யாரிடமும் சொல்லாத ஓர் ஆசை இருந்தது. சில ரேஸ் டிராக்குகளில், குறிப்பிட்ட நாட்களில், கட்டணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் சொந்தக் காரை ஓட்டலாம். இத்தனை வருடம் மெஷினில் பிரேக் டிஸ்க் கடைந்தவன், முழு வேகத்தில் போய் ஒருமுறையாவது பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டாமா? தினமும் வேலைக்கும் ஆக வேண்டும், எப்போதாவது டிராக்குக்கும் ஆக வேண்டும். அப்படி ஒரு கார் தேடினேன்.

கார் பார்க்கப் போகிறேன் என்றதும் இருவரும் கிளம்பி வந்துவிட்டார்கள். சேர்ந்து போய்வருகிற வண்டியை ஒருவர் மட்டும் போய்ப் பார்ப்பது எங்களிடம் வழக்கமில்லை.

கடையில் இரண்டு கார்கள் தேறின. ஒன்று உயரமான நாலு கதவுக் கார். இன்னொன்று தாழ்வாக, சாம்பல் நிறத்தில், இரண்டே கதவுகளோடு நின்றது.

கடைக்காரர் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்காரர், பேச்சில் கன்னடம் கலக்கும். "நோடி சார், நீங்க போன்ல ரேஸ் டிராக்குன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு இதுதான்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரேஸா? நம்ம தம்பியா? லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலே ஓரங்கட்டி நின்னுடுவாரே!"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

இரண்டு கதவுக் காரை ஓட்டிப் பார்த்தோம். பாய் எப்படியோ மடங்கிப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு வேகத்தடையில் அவர் தலை கூரையில் இடித்தது. திரும்பி வந்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தோம்.

"முட்டி காதுல இடிக்குதுங்க. என்னைய டிக்கியிலயே போட்டிருக்கலாம்" என்றார்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சொன்னபடி கேட்ட கார் அது. ஆனால் பின்னால் ஆள் உட்கார முடியாது. "அந்த உயரமான காரையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"உனக்கு எது புடிச்சிருக்குது தம்பி?" என்று அக்கா கேட்டார்.

பாய் முழங்காலைத் தேய்த்தபடி, "அவரு வாயத் தொறக்க மாட்டாரும்மா. கையப் பாரு" என்றார். என் கை சாம்பல் நிறக் கார்க் கதவின் மேலேயே இருந்தது.

"இதையே எடுங்க. முன்சீட்டு ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அக்காவுக்கு. சீட்டு இல்லாதவங்க கம்பெனி பஸ்ல வரட்டும்" என்று பாயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கம்பெனி பஸ் ஊர் ஊராகச் சுற்றிப் போகும். சீக்கிரமே கிளம்ப வேண்டும். "அக்கா, நீங்க மாடு கறந்துட்டு வரணுமே" என்றேன்.

"மாடு என்ன வாட்ச் கட்டிக்கிட்டா நிக்குது? முன்னாடியே கறந்தாலும் குடுக்கும். நீ எடு."

எடுத்தேன். சில மாதம் கழித்து டிராக்குக்குப் போனபோது பாய் துணைக்கு வந்தார். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். டிராக்கின் நேர்ப்பாதை முடியும் இடத்தில் நான் பிரேக்கை மிதித்தேன். சீட் பெல்ட் நெஞ்சைப் பிடித்தது. கார் ஆடாமல் அசையாமல் வேகம் குறைந்தது. வெளியே வந்ததும் பாய், "நம்ம சரக்கு புடிக்குதா?" என்று கேட்டார். "புடிக்குதுங்க" என்றேன்.

இப்போதும் அந்தக் கார்தான். பக்கத்தில் ஒரே ஆள் என்பதால் நானும் பேச வேண்டியிருக்கிறது, பேசுகிறேன். ஆசையை வெளியே சொன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்தே பாதி வயது போய்விட்டது; அந்தத் தொந்தரவைச் சிரித்துக்கொண்டே பங்கு போட்டுக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.