அண்ணன் கடைக்குக் கிடைத்த வாசகம்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்றார்கள். தம் கடைக்கு ஒரேயொரு வரி எழுத அவரே வருடக்கணக்கில் திண்டாடினார். நான் எம்மாத்திரம்?

அண்ணன் பிறந்தது இலங்கையில் கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்தில், கடைசிக் காம்பரா அறையில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு அண்ணனின் படிப்பு நின்றது. கோயில் சுவரில் அவர் கரியால் கிறுக்கிய மயிலைப் பார்த்துவிட்டு, பெரிய கங்காணி முதலில் இரண்டு அறை கொடுத்தார். பிறகு திருவிழாவுக்கு அதே மயிலை வர்ணத்தில் போடச் சொன்னார். இரத்தினபுரியில் போர்டு எழுதும் ஒருவரிடம் சில வருடம் எடுபிடியாக நின்று தொழில் கற்ற அண்ணன், தோட்டத்துக்குக் கீழே பஸ் நிற்கிற சந்தியில் சின்னதாக ஒரு கடை போட்டார். தமிழும் சிங்களமும் அழகாக எழுதுவார் என்பதால் வேலைக்குக் குறைவில்லை.

ஊருக்கெல்லாம் போர்டு எழுதியவர் கடைக்குப் போர்டு இல்லை. வெறும் பெயர் போதாது, இந்தக் கடை எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு பலகைக்கு வெள்ளை அடித்து வாசலுக்கு மேலே மாட்டி, கரித்துண்டால் எழுதி எழுதி அழிப்பார். முதலில் ‘சகலவிதமான போர்டுகளும் எழுதித் தரப்படும்’ என்று எழுதினார். இது எல்லோரும் சொல்வதுதானே என்று அழித்தார். அடுத்தது ‘அழகு, மலிவு, விரைவு’. எதிர்ப்புறச் சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்று படித்தார்.

“அழகு சரி. மலிவும் சரி. அந்த மூணாவதத் தொடச்சிருங்கண்ணே. நான் போர்டுக்குச் சொல்லி ரெண்டு தீபாவளி போயிருச்சு.”

சந்தியே சிரித்தது. அண்ணன் மூன்றையும் துடைத்துவிட்டார். ஆனால் அவருக்கு அது விளையாட்டு இல்லை. “கூலி வாங்குறோம், எழுதுறோம். அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னா நான் எதுக்கு லயத்த விட்டு வந்தேன் தங்கச்சி?” என்று என்னிடம் கேட்டார்.

அறுபத்து நான்கில் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகு, யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று ஒரே காம்பராவுக்குள் ஆட்கள் பிரிந்தார்கள். சில வருடங்களில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சந்திக்கு இறங்கி வந்தார்கள். பெட்டியில் பெயரும் போகிற ஊரும் எழுத வேண்டும். ஒருநாள் பால் வெட்டும் அம்மா ஒருவர் வந்தார்.

“எந்த ஊரு போடட்டும்மா?”

“திருச்சிப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாருங்க.”

“பக்கம்னு போட்டா ரயில்காரனுக்குப் புரியாதேம்மா. உங்க ஊரச் சொல்லுங்க.”

“எங்க ஊரா? இதானுங்க,” என்று அவர் மேலே தோட்டத்தைக் காட்டினார்.

அண்ணன் மூடியின் மேல் ‘திருச்சி ஜில்லா’ என்று எழுதினார். பிறகு மூடியைத் திறந்து, உள்பக்கம் என்ன வரையட்டும் என்று கேட்டார். “பீலிய வரைங்க,” என்றார் அந்த அம்மா. லயத்துக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தைத்தான் நாங்கள் பீலி என்போம். துணி துவைக்கும் கல், கல்லின் ஓரத்துப் பாசி, பக்கத்தில் கவிழ்ந்திருக்கும் வாளி என எல்லாவற்றையும் அண்ணன் போட்டார். வர்ணம் காயும் முன்னே அந்த அம்மா தொட்டுப் பார்த்ததில் விரலெல்லாம் பச்சை. அந்தப் படத்துக்கு அண்ணன் கூலி வாங்கவில்லை.

பிறகு எல்லோரும் மூடிக்குள் படம் கேட்டார்கள். மாரியம்மன் கோயில், பலாமரம், பிள்ளையைப் புதைத்த மேடு. ஒரு மனிதர் மட்டும், “தொர பங்களாவ வரைங்கண்ணே. பூட்டிட்டு, அது மேல ஏறி உக்காந்து போறேன்,” என்றார். அண்ணன் அதையும் மனம் வைத்து வரைந்தார்.

வெள்ளைப் பலகையில் கடைசியாக வர்ணம் ஏறியது: ‘ஊரை விட்டுப் போகிறவர்கள் ஊரை எடுத்துப் போக, இங்கே வரைந்து தரப்படும்.’

சலூன்காரர் படித்தார். “நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் போனப்புறம் யாருக்கு வரைவீங்க?”

அண்ணன் அடுத்த பெட்டியின் மூடியைத் திறந்தார்.

எங்கள் வீட்டிலும் பெட்டி வந்தது. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் இந்தியா. அண்ணனுக்கு இலங்கை. வரக்காப்பொலைக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கும் இலங்கை. அம்மா, “ஒன் மொகத்தப் போடுடா,” என்றார். அண்ணனுக்கு மனித முகம் வராது. எழுத்தும் மரமும் சாமியும்தான் வரும். நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தம் கடையை வரைந்தார். கதவு திறந்திருந்தது.

“ஆளக் காணோமே?” என்றார் அம்மா.

“உள்ள வேலையா இருக்கேன்னு நெனச்சுக்கம்மா.”

அம்மா சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அதன் பிறகு அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சலூன்காரரும் ஒரு பெட்டியோடு போனார். அவருக்குப் பின் அந்தச் சந்தியில் அண்ணனைக் கேலி செய்ய ஆளில்லை. எங்களோடு வந்து இருக்கும்படி எத்தனையோ தடவை கெஞ்சினேன். “தனியா இருக்கக் கஷ்டமாத்தான் இருக்கு தங்கச்சி. பெட்டியோட யாராச்சும் எறங்கி வந்தா கட பூட்டியிருக்கக் கூடாதுல்ல,” என்பார். மாதக்கணக்கில் ஒருவரும் இறங்கி வராத காலம் அது. வாசலில் தனியே நின்று அவர் எனக்குக் கைகாட்டுவதை பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன்.

நெஞ்சுவலி என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே உயிர் பிரிந்தது. அங்கே இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், உடலைக் கொண்டுவர லொறி கொடுத்தவருக்கும், கொள்ளி வைத்த என் மகனோடு சுடலைவரை வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பலசரக்குக் கடை சிங்கள முதலாளிக்கு எப்படி நன்றி சொல்வது? தமிழரைத் தாக்கிய கலவர நாட்களில் அண்ணனைத் தம் வீட்டு அடுப்படியில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர் அவர். அண்ணன் உடல் வந்த அன்று கடையைத் திறந்து கூட்டி, விளக்கேற்றி வைத்ததும் அவர்தான்.

என் வீட்டுக்காரரும் மகனும் சவப்பெட்டி வாங்கப் போயிருந்தார்கள். வாசலில் நானும் முதலாளியும், சந்தியின் சிங்களவர் சிலரும் நின்றோம். அப்போதுதான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். பழைய வரிக்குக் கீழே அண்ணன் கரித்துண்டால் புதிதாக ஒன்று எழுதியிருந்தார். அதற்கு இன்னும் வர்ணம் ஏறவில்லை. ‘இருக்கிறவர்களுக்கும்.’

அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என்ன எழுதியிருக்கிறது என்று முதலாளி கேட்டார். சிங்களத்தில் சொன்னேன்.

“அபிட்டத்?” என்றார். எங்களுக்குமா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.