இருபத்து மூன்று துண்டுகள்

என் மகளின் கணவர் டென்மார்க்காரர். அவர்கள் திருமணம் அந்த நாட்டில் ஓர் அலுவலகத்தில் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைபேசியில் அதைப் பார்த்தோம். என் அக்காவும் பார்த்தாள். அத்தை முறை செய்வதற்காக அவள் வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவை மடியில் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள். புடவையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சென்ற சித்திரைப் பிறப்புக்கு மகளும் மருமகனும் முதன்முறையாக ஊருக்கு வந்தார்கள். அக்கா தினமும் வந்தாள். எல்லோரிடமும் பேசினாள், அவரிடம் மட்டும் பேசவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என் மகளிடம், "அவருக்குக் காப்பிக்குச் சீனி போதுமான்னு கேளு" என்பாள். ஓரளவு தமிழ் படித்து வந்திருந்த மருமகன், "போதும்" என்று நேராகவே சொல்வார். அக்கா மறுபடியும் மகளைப் பார்த்து, "போதுமாமா?" என்பாள். மூன்று நாளில் இப்படி ஒன்பது தடவை நடந்தது. நான் தினமும் எழுதும் நாட்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது.

மருமகனுக்கு இது மனத்தில் தைத்துவிட்டது. ஒரு நாள் மாலை என்னருகே வந்து உட்கார்ந்து, ஊருக்குத் திரும்புவதற்குள் அத்தை தன்னிடம் நேராக ஒரு வார்த்தையாவது பேச வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். பேச்சை மாற்றி, உங்கள் ஊரில் புத்தாண்டை எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

நாற்காலி மேல் ஏறி நின்று, ஆண்டு பிறக்கும் கணத்தில் எல்லோரும் கீழே குதிப்பார்களாம். என் மனைவி உடனே எங்கள் வீட்டு நாற்காலிகளை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். இன்னொரு வழக்கமும் உண்டு. விரிசல் விட்ட பீங்கான் தட்டுகளை ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்து, மனத்துக்குப் பிடித்தவர்கள் வீட்டு வாசலில் வீசி உடைப்பார்களாம். எந்த வாசலில் அதிகம் துண்டுகள் கிடக்கின்றனவோ, அந்த வீட்டுக்காரர் மீதுதான் ஊருக்கு அதிகம் பிரியம் என்று கணக்கு. இதை விடாமல் எழுதிக்கொண்டேன். என் மனைவி அப்போது மோர்மிளகாய் வறுக்க எழுந்து போயிருந்தாள்.

அடுத்ததாக, புத்தாண்டு அன்றைக்கு மருமகனுக்கு உதவியாக ஒரு நேர அட்டவணையை நாட்குறிப்பில் எழுதி, படியெடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: 'காலை 9.40, அத்தை வீடு. உங்கள் ஊரில் பிரியமானவர் வீட்டுக்குப் புத்தாண்டில் எப்படிப் போவீர்களோ, அப்படியே போகலாம்.' துவைத்த சட்டை, சிரித்த முகம் என்ற பொருளில்தான் எழுதினேன். இந்த வரிக்கும் தட்டு வழக்கத்துக்கும் நாட்குறிப்பில் நான்கு பக்கம்தான் இடைவெளி. இரண்டையும் எழுதியவன் நான்தான். சேர்த்துப் படித்துப் பார்க்கவில்லை.

சித்திரை முதல் நாள் காலையில் மருமகன் வேப்பம்பூப் போட்ட மாங்காய்ப் பச்சடியை வாயில் வைத்து, கண் கலங்கி, மரியாதைக்காக "இன்னும் கொஞ்சம்" என்றார். மனைவி மூன்று கரண்டி வைத்தாள். 9.30 மணிக்குக் கிளம்பினோம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் முந்தின நாள் ஒரு பீங்கான் தட்டு வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார் என்பது மகளுக்குத் தெரியும். அத்தைக்குப் பரிசு என்று அவள் நினைத்திருந்தாள்.

அக்கா வீடு இரண்டாவது தெரு. வாசலில் இருந்து முன்கூடம் வரை அப்போதுதான் புதிதாக ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தாள். அதில் செருப்போடு நடந்த மின்சாரக் கணக்கெடுப்பவரை அவள் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது.

நாங்கள் குரல் கொடுப்பதற்குள் மருமகன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். கையை ஓங்கினார். வாசற்படியைப் பார்த்து வீசினார்.

'டணார்' என்று ஒரு சத்தம். காகிதம் கிழிந்து ஒரு வெள்ளைத் தட்டு எகிறியது. விளிம்பில் நின்று, புதுக் கல்லில் அக்காவின் முன்கூடம் முழுக்க வட்டமடித்து உருண்டு, தூணில் முட்டிப் படுத்தது. உடையவில்லை.

மருமகன் முகம் வெளுத்துப்போயிற்று. உடையாத தட்டு என்றால் என்ன அர்த்தம் என்று அவர்கள் ஊரில் யாரும் யோசித்ததே இல்லை போலிருக்கிறது. ஓடிப்போய் எடுத்து மறுபடி வீசினார். மறுபடி டணார்.

"ஐயையோ, அது எங்க அம்மா வீட்டு எனாமல் தட்டு!" என்றாள் என் மனைவி. "பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள இருந்தது விரிசல் விட்ட பீங்கான். நல்ல நாளும் அதுவுமா அதுலயா பழம் வச்சுக் கொடுக்கறதுன்னு, நான்தான் நல்ல தட்டா மாத்தி வச்சேன்."

அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். மூன்றாவது முறை ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"ஏண்டா தம்பி," என்றாள் என்னிடம், "வருசப் பொறப்பன்னிக்கு என் வாசல்ல சட்டி ஒடைக்க வந்திருக்காரா? நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?"

மகள்தான் அவசர அவசரமாக விளக்கினாள். "அத்தை, அவங்க ஊர்ல பிரியமானவங்க வீட்டு வாசல்லதான் ஒடைப்பாங்க. நெறைய ஒடைஞ்சா நெறையப் பிரியம்."

அக்கா தட்டைப் பார்த்தாள். கல்லைக் குனிந்து தடவிப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. பிறகு நிமிர்ந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்க மாமனார் வீட்டு வாசல்ல ஒடைச்சுட்டு வாரீகளா?"

அவருக்கு மாமனார், வாசல் இரண்டும் புரிந்தன. "இல்லை," என்றார். "முதல்ல அத்தை."

"எனக்கா மொதல்ல?" அக்கா என் பக்கம் திரும்பினாள். ஐம்பது வருடமாக அவளோடு போட்டியிட்டுத் தோற்று வருகிற எனக்கு அந்தப் பார்வை பழக்கம். "பாத்தியாடா? உனக்கு இல்ல, எனக்குத்தான் மொதல்ல." கரண்டியை என் மனைவி கையில் கொடுத்தாள். "தேங்கா ஒடைக்கிறோம், பூசணிக்கா ஒடைக்கிறோம். தட்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அந்தப் பீங்கான் எங்குட்டு இருக்கு?"

"எங்க வீட்டு அடுப்படியில," என்றாள் மனைவி.

"நடங்க. அங்கயே ஒடைக்கட்டும், என் கல்லு புதுசு."

எங்கள் வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில், அக்கா காட்டிய இடத்தில், மருமகன் பீங்கான் தட்டை வீசினார். இந்த முறை ஏமாற்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எண்ணுடா," என்றாள் அக்கா.

எண்ணினேன். "இருபத்து மூணு."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. "மாப்ள," என்றாள் அவரிடம், "அடுத்த வருசம் எங்குட்டும் போயி வாங்க வேணாம். தட்டு நான் எடுத்து வைக்கிறேன். எங்க வாசல்ல இருபத்து நாலு வந்துரணும். இப்ப வாங்க, பச்சடி சாப்பிட்டுட்டுப் போவீக."

மருமகன் என்னைப் பார்த்தார். அவர் கண் மறுபடி கலங்கியிருந்தது. இந்த முறை காரணம் வேப்பம்பூ இல்லை.

மறுநாள் காலை என் செருப்புக்குள் ஒரு பீங்கான் சில்லு இருந்தது. கழுவி, துடைத்து, மற்ற துண்டுகளோடு சேர்த்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. நாட்குறிப்பில் எண்ணை அடித்து, இருபத்து நான்கு என்று திருத்திவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.