இரண்டு முட்டை, ஒரு சுளுக்கு

சுகாதாரப் பிரசங்கம் செய்து பிழைக்கிறவனை அவன் வாயே ஊர் ஊராகக் காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து கர்ப்பப் படங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். திண்டிவனத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் கிராமம் கிராமமாகப் பேசுவேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒட்டுப் பழம்

ஒட்டிப் பழுத்த வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று திண்டிவனத்துப் பெண்கள் அதைத் தொடவே பயந்தார்கள். வெறும் பேச்சை நம்பமாட்டார்கள் என்று, கூட்டத்தின் நடுவே நானே ஒன்றை உரித்துத் தின்றேன். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது!" முன்வரிசைக் கர்ப்பிணி ஒருத்தி சிரிக்காமல் கேட்டாள்: "நீங்க துன்னா என்னா ஆவும் சார்? எங்களுக்குப் பதிலா நீங்களா பெக்கப் போறீங்க?"

இரண்டு முட்டை

கிளியனூர் விவசாயி ஏழுமலைக்கு இரட்டை ஆண் பிள்ளைகள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, முகச்சாடையும் வேறு. இரட்டை என்றால் அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டாமா என்று அவருக்குச் சந்தேகம். பிரசவத்துக்கு ஓமந்தூர்த் தாய்வீட்டுக்குப் போன மனைவி அஞ்சலையை அவர் அழைத்துவரவே இல்லை. அவருக்குப் புத்தி சொல்ல ஊர்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். படத்தை விரித்தேன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒரே சாடை. இரண்டு முட்டைகள் ஒரே சமயத்தில் கருவானால் சாடை மாறலாம் என்றேன். "அப்போ ரெண்டு முட்டைக்கு ரெண்டு சேவலா சார்?" என்றார் ஏழுமலை. நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு சைக்கிள் ஏறினேன்.

ஒரே சேவலுக்குத்தானே பல நிறக் குஞ்சுகள் பொரிக்கின்றன! திண்டிவனம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று மனம் அரிக்க, மறுநாளே திரும்பி ஓடிப்போய்ச் சொன்னேன். ஏழுமலை அசையவில்லை: "நேத்தே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இப்போ யோசிச்சிக்கினு வந்து சொல்றீங்களே சார்!"

என் கழுத்து

அதையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்து, ஓமந்தூர் பக்கம் வாய்க்காலில் விழுந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்தால் சுளுக்கு விடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதையெல்லாம் எதிர்த்துப் பேசத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் தூக்கிவிட்டவர்கள் அஞ்சலை வீட்டுக்கு அழைத்துப்போனபோது பேசாமல் போனேன். அவள் எண்ணெய் தொட்டு வழிக்க வழிக்கக் கழுத்து இளகியது. "எங்க வூட்டுக்காரர்கிட்ட முட்டைக் கதை சொன்னது நீங்கதானே? இப்போ கழுத்து திரும்புது இல்ல, கொஞ்சம் என் மூஞ்சியப் பாருங்க."

ஏழுமலையின் இடுப்பு

பிறகு ஒருநாள், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டையைத் தூக்கியதில் ஏழுமலைக்கு இடுப்பு பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் அஞ்சலை ஒருத்திதான். குனிந்தவர் குனிந்தபடியே மாட்டுவண்டியில் ஓமந்தூர் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கினார். அன்று அங்கே குழந்தைகளுக்கு அம்மை குத்தப் போயிருந்த நான் ஒதுங்கி நின்றேன். அஞ்சலை குழந்தைகளை அவர் முன்னால் கிடத்தினாள். எண்ணெயை எடுத்தாள், கையை மட்டும் வைக்கவில்லை. "ஒரே அப்பனுக்குப் பொறந்தாத்தான் ரெட்டை. ரெட்டை பெத்தவ கைக்குத்தான் சுளுக்கு வுடும். சொல்லுங்க, வழிக்கட்டுமா, வேணாமா?"

ஏழுமலை இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் எம்புள்ளைங்கதான்டி. ஜல்தியா வழி, வண்டி நிக்குது, நாலு பேரும் வூட்டுக்குப் போவணும்."

இப்போதெல்லாம் என் விளக்கத்தை நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்களுக்கு எப்போது இடுப்பு பிடிக்கும் என்று காத்திருக்கிறேன்.