மூன்றாவது காப்பிக் கடை

தேனியில் நாங்கள் ஏறிய முதல் கடையில் காப்பி நுரையின்மேல் இலை ஒன்று வரைந்து கொடுத்தார்கள். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். மேலே படம் போடுகிறவன் கீழே எதையோ மறைக்கிறான் என்று நினைப்பவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் என் லாரி நுழையாத திராட்சைத் தோட்டம் கிடையாது. பெட்டியில் மேலே அடுக்கிய குலையைப் பார்த்து நான் விலை பேசியதே இல்லை. அடியில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் பேச்சு.

அப்படிப்பட்டவன் காப்பிக் கடை காப்பிக் கடையாக ஏறி இறங்கியது மகளுக்காக. தரகர் சொன்ன பையன், சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தேனியில் சொந்தமாகக் காப்பிக் கடை போட்டிருந்தான். இரு வீட்டாரும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. மகளுக்கோ போட்டோவிலேயே பிடித்துவிட்டது. நல்ல வேலையை எவனாவது சும்மா விடுவானா? அவன் தெருவில் விசாரித்தால் சொந்தக்காரர்கள் மூடி மறைப்பார்கள். போட்டிக் கடைக்காரன்தான் உண்மையைக் கக்குவான் என்று கிளம்பினேன். துணைக்கு என் மனைவியின் தம்பி. என்னைக் கிண்டல் செய்ய இந்த ஜில்லாவில் துணிந்த ஒரே ஆள்.

முதல் கடைக்காரர், "தங்கமான பையன்ணே" என்றார். இரண்டாவது கடைக்காரர், "அவன் கொட்டை வறுக்குற வாசத்துக்கு எனக்கே அங்கன போய்க் குடிக்கணும்போல இருக்கும்" என்றார். தொழில் போட்டிக்காரன் இப்படிப் புகழ்வானா? எல்லோரும் கூட்டு என்று தெரிந்துபோயிற்று.

"இந்த இடம் வேணாம்ப்பா. சொல்லி விட்ருவோம்."

"இன்னும் ஒரு கடை இருக்கு மச்சான். வயிறு தாங்கும், வாங்க" என்று மச்சினர் ஒரு மாடிக் கடைக்கு இழுத்துப்போனார்.

பக்கத்து மேசையில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு, "கம்பம் பக்கமா? அங்கன திராட்சை ஏவாரி ஒருத்தர் வீட்டுல எம்மகனுக்குப் பொண்ணெடுக்கலாம்னு இருக்கோம். அஞ்சு லாரி ஓடுதாம். ஆளு எப்பிடி?" என்றார்.

ஐந்து லாரி வைத்திருந்தது நான் ஒருவன்தான். நான் வாய் திறப்பதற்குள் மச்சினர் முந்திக்கொண்டார்.

"பெரும பேசுவாக, காது வலிக்கும். பெத்த தாய் தண்ணி குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாக. ஆனா மக மொகம் வாடுச்சுன்னா அன்னைக்கு ஏவாரமே பாக்க மாட்டாக."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதரோ பெருமூச்சு விட்டார். "அப்பாடா! அனுமந்தன்பட்டியில கேட்டேன், உத்தமபாளையத்துல கேட்டேன். எல்லாரும் தெய்வம்ங்கிறாக. எனக்குப் பயமாப் போச்சு."

"அந்த ஏவாரி நான்தான்யா" என்றேன். "உங்க மகங்கிட்ட இருக்குற குறைய ஒண்ணு சொல்லுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவக்காரன். மானேசர எதுத்துப் பேசித்தான் அந்த வேலய விட்டான். இப்பவும் எவனாவது சீனி கூடக் கேட்டா, மிட்டாய்க் கடைக்குப் போங்கம்பான்."

அங்கேயே சம்மதம் சொன்னேன்.

கல்யாணம் முடிந்ததும் மச்சினரைப் பிடித்தேன். "அன்னைக்கு அவர் அங்கன வருவார்னு உனக்கு முன்னமே தெரியும்தானே?"

"தெரிஞ்சிருந்தா உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேனா மச்சான்?"

அந்தப் பதிலை நான் இன்றுவரை நம்பவில்லை. மச்சினர் போன வருடம் தவறிவிட்டார். சம்பந்தியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மருமகன் கடையில் அடிக்கடி எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம். நான் கேட்கவில்லை.