மகள் வீட்டில் சாப்பிடாமலிருக்க ஊர் சுற்றிய நாள்

சிங்கப்பூரில் ஒரே நாளில் என் கணவர் இரண்டு ஓட்டல்களில் சாப்பிட்டார். மூன்றாவது வேளைக்குப் போகும் வழியில், ஆறு மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பெரம்பலூருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போன் மணி அடித்தால் இன்னும் ஓடிப்போய் எடுக்கிறேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

மாப்பிள்ளை வேற்று நாட்டுக்காரர் இல்லை. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், என் கணவரின் சொந்த ஊர்தான். மாப்பிள்ளையின் தாத்தா என் மாமனாரின் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கியவர். பேரன் இன்று சிங்கப்பூரில் என்ஜினியர். மகள் அவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். என் கணவர் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவரே டிக்கெட் எடுத்தார். மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்து, சாமிக்கு விளக்குப் போட்டேன். அங்கே லாட்ஜில் அறையும் போட்டிருந்தார் என்பது விமானம் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரியும். சின்ன வீடு, அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றார்.

போன அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனோம். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். விமானத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றார் இவர். காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தோம் என்றார். மாப்பிள்ளை டம்ளரில் தண்ணீர் நீட்டினார். "இருக்கட்டும் தம்பி" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த உறவுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அது அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும். நானும் சாப்பிடவில்லை. அவர் எழுந்தபோது நானும் எழுந்தேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். வெளிநாடு வந்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பானேன், வேளாவேளைக்கு வெளியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மகள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். காலையில் ஓட்டலில் பொங்கல், வடை. அப்புறம் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கச் சிலை. அப்புறம் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கும் பெரிய தோட்டம். வெளியே வெயில் நம் ஊர் வெயில் இல்லை, உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். மகள் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அது என்னவென்று தெரியாதா? நானும் பெற்றவள்தானே. கொஞ்சம் உட்காருவோமே என்று இரண்டு முறை சொன்னேன். எனக்குக் கால் வலிக்கிறது என்றுதான் சொன்னேன், அவளுக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்குமே.

மத்தியானம் தமிழர் கடையில் வாழையிலைச் சாப்பாடு. இவர் ரசித்துச் சாப்பிட்டார், இரண்டாம் முறை குழம்பு கேட்டார். மகள் சோற்றை அளைந்துகொண்டே சொன்னாள்: "யாரு ஆக்கினாங்க, எந்த ஊரு, எந்தத் தெருன்னு உள்ள போயி கேட்டுட்டு வரவாப்பா?"

"சாப்புடும்மா, ஆறிடப் போவுது" என்றார் இவர். இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

பறவைப் பூங்காவும் பார்த்தோம். எனக்கு ஒரு பறவைகூட நினைவில்லை. வெயில் தாழ்ந்தபோது மகளுக்கு முகம் வெளுத்திருந்தது. வீடு இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன்தான், காரக்குழம்பு வைத்துவிட்டுத்தான் வந்தேன், சோறு மட்டும் வடித்தால் போதும் என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள். மத்தியானம் சாப்பிட்ட கடையே நன்றாக இருந்தது, அங்கேயே போய்விடலாம் என்றார் இவர். அதற்கு ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும், நடுவில் ரயில் மாற வேண்டும். நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

ரயில் மாறிய இடத்தில் நகரும் படியில் கூட்டமாக இருந்தது. கல் படியில் ஏறினோம். பாதியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, ஈரமா இருக்கும்மா."

யார் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. ஒரு சீனத்துப் பெண் தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் மடியில் போர்த்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர், யார் கண் பட்டதோ என்றார். அவர் கன்னத்தில் அறையாமல் என் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வேலை உடுப்போடு ஓடி வந்தார். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் இனிமேல் பிரசவம்வரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிறகு வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"அவளுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்துடுங்க அத்தை. குழம்பு இருக்கு. நீங்களும் மாமாவும் காலைலேர்ந்து அலைஞ்சிருக்கீங்க, சாப்புட்டுட்டு வாங்க."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அடுக்குமாடியின் கீழே இவர் நின்றுகொண்டார். துணியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வரச் சொன்னார். நான் மேலே போய் உலை வைத்தேன். சோறு வேகும்வரை நிதானமாகக் காத்திருந்து, தட்டு நிறையப் போட்டு, காரக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை. அவர் போனில் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மீதி நாட்கள் நான் மகளோடு இருந்தேன். அவர் லாட்ஜில் இருந்தார், கடைகளில் சாப்பிட்டார்.

போன வாரம் அரியலூரில் ஒரு கல்யாணத்தில் பங்காளிகளிடம் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். பொழுதுக்கும் ஒரு இடத்திலும் உட்காரவில்லை, அவ்வளவும் நடந்தே பார்த்தோம் என்று பெருமை வேறு. எட்டிப் பார்த்தேன். சிலைக்கு முன்னால், தோட்டத்தில், பறவைக் கூண்டருகில், எல்லாப் படத்திலும் மகள் எதன்மேலாவது உட்கார்ந்திருக்கிறாள். சுவர் விளிம்பில், பூந்தொட்டிக் கட்டையில், ஒரு படத்தில் தரையிலேயே. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

தலைப் பிரசவத்துக்கு அவள் இங்கே வர முடியாது. நான் போகிறேன். உனக்கு மட்டும் டிக்கெட் எடுக்கப்போகிறாயா, எனக்கும் எடுப்பாயா என்று நேற்று கேட்டார்.

"வந்தா லாட்ஜெல்லாம் கிடையாது. அவ வூட்லதான் தங்கணும், அவங்க போடற சோத்தத்தான் சாப்புடணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை நான் எனக்கு எடுத்துவிடுவேன்.